குழந்தைகளோடு எந்தப் பெருநகரத்துக்குப் போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு வெளிமாநிலப் பெருநகரம் ஒன்றுக்கு நான்கைந்து நாள் போய்வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும், அடுத்து பிள்ளையைப் பார்க்க வேண்டும், ஊரின் பெருமையைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. பதில்களில் அந்தச் சாய்வு தெரியும்.

ஊட்டி, கொடைக்கானல் இருக்கும்போது எதற்குப் பெருநகரம்?

மலை பெரியவர்களுக்கு ஓய்வு. பிள்ளைகளோ இரண்டாம் நாள் காலையிலேயே "அடுத்து என்ன?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. பெருநகரத்தில் மழை வந்தால் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துகொள்ளலாம், வெயில் ஏறினால் கோளரங்கத்தில் உட்காரலாம், இரவில் காய்ச்சல் அடித்தால் பக்கத்திலேயே மருத்துவர் கிடைப்பார். சிறு ஊரில் வளரும் பிள்ளைக்குப் பூமிக்கடியில் ஓடும் ரயிலே பெரிய காட்சிதான். அதற்குத் தனியாக நுழைவுச்சீட்டு எடுக்கக்கூட வேண்டாம்.

எங்களுக்குக் கிடைப்பது பள்ளி விடுமுறை மட்டும்தான். எந்த விடுமுறைக்கு எந்த ஊர்?

இந்தக் கேள்வியிலேயே பாதி முடிவு வந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோடை விடுமுறை: ஐந்தில் ஒன்றுதான் தேறும், பெங்களூரு. ஏப்ரல், மே மாதங்களில் அங்கேயும் மதியம் சுடும். ஆனாலும் சாயங்காலம் காற்று மாறும், பல நாள் மழையும் கொட்டும். அதே மே மாதத்தில் டெல்லி 45 டிகிரியைத் தொடக்கூடிய ஊர், ஹைதராபாத் 40-ஐத் தாண்டும், கொல்கத்தாவிலும் மும்பையிலும் புழுக்கம் ஆளை உருக்கிவிடும். கோடையில் டெல்லிக்கு விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், செங்கோட்டையின் திறந்த வெளியில் மதியம் இரண்டு மணிக்கு ஐந்து வயதுக் குழந்தையோடு நிற்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

காலாண்டு விடுமுறை: செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். டெல்லிக்கு இதுதான் நல்ல நேரம். மழை ஓய்ந்திருக்கும், புகைமூட்டம் இன்னும் வந்திருக்காது. அக்டோபர் பிற்பகுதியில் காற்று கெட ஆரம்பித்து நவம்பரில் மூச்சு முட்டும் அளவுக்குப் போகும். அங்கே பள்ளிகளையே மூடி ஆன்லைனுக்கு மாற்றுகிறார்கள். இழுப்பு, ஆஸ்துமா இருக்கும் பிள்ளை என்றால் நவம்பர், டிசம்பரில் டெல்லியைத் தொடவே வேண்டாம்.

இதே காலாண்டு விடுமுறையில் பல ஆண்டுகள் கொல்கத்தாவில் துர்கா பூஜையும் வந்து சேரும். 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற விழா அது. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பந்தல் பந்தலாக இரவு முழுக்க நடப்பது மறக்க முடியாத அனுபவம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்தக் கூட்டம் தண்டனை. அறை வாடகையும் ஏறியிருக்கும்.

அரையாண்டு விடுமுறை: டிசம்பர் கடைசி வாரம். ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா மூன்றும் நன்றாக இருக்கும், எனக்கு கொல்கத்தா. லேசான ஸ்வெட்டர் போதும். புதுப் பேரீச்ச வெல்லத்தில் செய்யும் சந்தேஷ் குளிர்காலத்தில்தான் கிடைக்கும். ஆனால் டிசம்பர் 25-ஆம் தேதியும் ஜனவரி 1-ஆம் தேதியும் அலிப்பூர் விலங்குக் காட்சிசாலைப் பக்கம் தலைவைக்காதீர்கள். ஊரே அங்கேதான் இருக்கும். டெல்லியில் இந்த வாரம் மூடுபனி. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும்.

பொங்கல் விடுமுறை: ஹைதராபாத். சங்கராந்திக்கு அந்த ஊர்க்காரர்களில் பெரும்பகுதி சொந்த ஊர்களுக்குக் கிளம்பிவிடுவார்கள், சாலைகள் காற்றாடும். வானம் முழுக்கப் பட்டம் வேறு.

எத்தனை வயதுப் பிள்ளைக்கு எந்த ஊர் சரி?

நான்கு வயதுக்குள் என்றால் அருகில் இருக்கும் ஊரே நல்ல ஊர். வடக்கு மாவட்டங்களுக்கும் மேற்கு மாவட்டங்களுக்கும் பெங்களூரு. கப்பன் பூங்காவில் பால பவனின் சிறு ரயில், லால்பாகில் ஓடியாட இடம், வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். தாஜ்மகாலும் அந்த வயதுக்கு ஒரு வெள்ளைக் கட்டடம்தான்.

ஐந்து முதல் பத்து வரை பொற்காலம். எதைக் காட்டினாலும் கேள்வி கேட்கும் வயது. ஹைதராபாத் இந்த வயதுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். கோல்கொண்டா கோட்டை வாசலின் குவிமாடத்துக்குக் கீழே நின்று கைதட்டினால் குன்றின் உச்சியில் கேட்கும். ஒருவர் கீழே, ஒருவர் மேலே என்று பிரிந்து நின்று சோதித்துப் பார்க்காத பிள்ளையே இல்லை. உச்சிக்கு 350-க்கு மேல் படிகள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் இருக்கிற பழைய கடிகாரத்தில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு குட்டித் தாடிக்காரப் பொம்மை வெளியே வந்து மணி அடித்துவிட்டு உள்ளே போகும். மதியம் 12 மணிக்குப் போய் நின்றால் பன்னிரண்டு அடியும் கேட்கலாம். பிர்லா அறிவியல் மையத்தில் தெலங்கானாவிலேயே தோண்டி எடுத்த கோட்டாசாரஸ் டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. படத்தில் பார்த்த டைனோசர் நம் தென்னிந்திய மண்ணிலேயே திரிந்தது என்று தெரியும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

பதினொன்றுக்கு மேல் மும்பையும் டெல்லியும். வரலாற்றுப் பாடம் ஓரளவு படித்திருப்பார்கள், நடக்கவும் தெம்பு இருக்கும், கூட்டத்தில் தன்னைப் பார்த்துக்கொள்ளவும் தெரியும். பதின்ம வயதை எட்டிவிட்டால் ஒரு முழு நாளை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு எங்கே போவது, எதில் போவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

மூத்தவளுக்குப் பதின்மூன்று, இளையவனுக்கு ஐந்து. இரண்டு பேருக்கும் பொதுவாக ஊர் உண்டா?

கொல்கத்தா. மூத்தவளுக்கு 1814-இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகமும் அங்கே இருக்கும் எகிப்திய மம்மியும். இளையவனுக்கு அறிவியல் நகரம்: தலைக்கு மேலே ரோப் கார், இருட்டுக்குள் வண்டியில் உட்கார்ந்து பரிணாம வரலாற்றைப் பார்க்கும் சவாரி. ஒரு முழு நாளே போதாது. இரண்டு பேருக்கும் பொதுவாக மெட்ரோ. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபரில் அங்கேதான் ஓடத் தொடங்கியது; 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலும் ஓட ஆரம்பித்துவிட்டது. எஸ்பிளனேடில் ஏறி ஹௌரா போனால், ஆற்றைக் கடக்கும் முக்கால் நிமிடமும் சுரங்கச் சுவரில் நீல விளக்கு எரியும். திரும்பும்போது அதே ஆற்றைப் படகில் கடந்து, 1943-இல் திறந்த ஹௌரா பாலத்தை அண்ணாந்து பாருங்கள். நட்டு, போல்ட் இல்லாமல் ரிவெட் அடித்தே கட்டிய பாலம் அது. அடியில், மேலே என ஒரே ஆற்றை இரண்டு விதமாகக் கடப்பதற்கு ஆகும் செலவு ஒரு ஐஸ்கிரீம் விலையைத் தாண்டாது. டிராமை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது பெரும்பாலும் நின்றுவிட்டது.

பையனுக்கு ரயில் என்றால் உயிர். வேறு எதுவும் வேண்டாம்.

அப்படி ஒரு பைத்தியம் இருக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்; ஊரைத் தேர்ந்தெடுக்கும் வேலை மிச்சம். ரயில் என்றால் டெல்லி. சாணக்யபுரியில் 1977-இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பழைய நீராவி எஞ்சின்களும் பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயிலும் இருக்கின்றன. வளாகத்தைச் சுற்றிவரக் குட்டி ரயிலும் உண்டு. விமானம் என்றால் பெங்களூரில் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகம், கூடவே விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்கள் ஓட்டிய விமானத்தின் முழு அளவு மாதிரி. விண்வெளி என்றால் மறுபடியும் டெல்லி: 1984-இல் ராகேஷ் சர்மா பூமிக்குத் திரும்பி வந்த சோயுஸ் கலம் நேரு கோளரங்கத்தில் இருக்கிறது. பென்குவின் என்றால் மும்பை, பைகுல்லா விலங்குக் காட்சிசாலை.

மும்பையில் உள்ளூர் ரயிலில் குழந்தைகளை ஏற்றலாமா?

ஏற்றலாம், நேரம் பார்த்து. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை தெற்கு நோக்கிப் போகும் வண்டியிலும், மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை வடக்கு நோக்கிப் போகும் வண்டியிலும் கால் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலோர இருக்கையே கிடைக்கும். இப்போது ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை பூமிக்கடியில் ஓடும் மெட்ரோவும் 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்துவிட்டது. விமான நிலையம், தாதர், வொர்லி அறிவியல் மையம், சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ், சர்ச்கேட் எல்லாம் ஒரே பாதையில். மும்பையைக் குடும்பத்தோடு சுற்றுவது இதனால் உண்மையாகவே எளிதாகியிருக்கிறது.

எலிஃபண்டா தீவுக்குக் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். குகைச் சிற்பத்தைவிடப் படகுக்குப் பின்னால் பறந்துவரும் பறவைகள்தான் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும், அது போதும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது.

ரயிலா, விமானமா?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயில், யோசிக்கவே வேண்டாம். வந்தே பாரத்தில் நாலரை மணி நேரம். ஹைதராபாத்துக்கு இரவு ஏறினால் காலையில் இறங்கலாம், படுக்கை வசதியோடு பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம். மும்பைக்கு ஏறக்குறைய ஒரு நாள், கொல்கத்தாவுக்கு 27 மணி நேரம் சொச்சம், டெல்லிக்கு 33 மணி நேர அளவு. இந்த மூன்றுக்கும் போகும்போது ரயில், வரும்போது விமானம் என்பது என் யோசனை. போகும்போது உற்சாகம் இருக்கும். திரும்பும்போது எல்லோரும் களைத்துப்போய்ச் சண்டைக்குத் தயாராக இருப்பார்கள்.

கட்டணத்தில் ஒரு விஷயம். ஐந்து வயதுக்குள் ரயிலில் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்து முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம்தான்; பழைய அரை டிக்கெட் கணக்கு 2016-லேயே போய்விட்டது. விமானத்தில் இரண்டு வயது நிறைந்தாலே தனி இருக்கை எடுத்தாக வேண்டும். கைக்குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும்.

எங்கே தங்குவது?

மெட்ரோ நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில். மற்றதெல்லாம் அப்புறம். நீச்சல்குளம் இருக்கிறது, காலைச் சாப்பாடு இலவசம் என்று ஊருக்கு வெளியே அறை போட்டால், தினமும் ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர டாக்சியிலேயே கழியும். பெங்களூரில் அதைவிடக் கூடவும் ஆகும். பெருநகரத்தில் கிலோமீட்டருக்கு அர்த்தமே கிடையாது. பத்துக் கிலோமீட்டர் என்பது இருபது நிமிடமாகவும் இருக்கலாம், எண்பது நிமிடமாகவும் இருக்கலாம். இரண்டு அறை எடுப்பதைவிட, சிறு சமையலறையோடு கூடிய ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது நான்கு பேருக்கு மேல் இருந்தால் கட்டுப்படியாகும். பால் காய்ச்ச, கஞ்சி வைக்க, துணி உலர்த்த இடம் இருந்தாலே அம்மாக்களுக்கும் அது விடுமுறையாக இருக்கும்.

தயிர்சாதம், இட்லி தவிர எதுவும் தொடமாட்டாள். என்ன செய்வது?

பயப்பட வேண்டாம், நம் ஆட்கள் போகாத ஊர் இல்லை. மும்பையில் மாட்டுங்கா, டெல்லியில் கரோல் பாக், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட், இந்த மூன்று பகுதியிலும் பல பத்தாண்டுகளாகத் தென்னிந்தியக் குடும்பங்கள் இருக்கின்றன. இட்லியும் சாப்பாடும் ஊரில் கிடைப்பதுபோலவே கிடைக்கும். பெங்களூரில் பிரச்சினையே இல்லை. ஹைதராபாத்தில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் நாளே புது உணவைத் திணிக்காமல், மூன்றாம் நாள் பிள்ளையே பக்கத்து மேசையைப் பார்த்து "அது என்ன?" என்று கேட்கும்வரை விட்டுப்பிடிப்பது நல்லது.

ஒரு நாளைக்கு எத்தனை இடம்?

பெரியது ஒன்று, சிறியது ஒன்று. காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை பெரியது. மதியம் அறைக்குத் திரும்பிக் குட்டித்தூக்கம். மாலையில் பூங்கா, கடற்கரை, கடைத்தெரு, ஏதாவது ஒன்று. "இவ்வளவு செலவழித்து வந்துவிட்டுத் தூங்குவதா?" என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் கேட்பார். மாலை ஆறு மணிக்கு நடுத்தெருவில் உருண்டு அழும் பிள்ளையைத் தூக்கி வரும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

வார விடுமுறையைப் பார்க்காமல் திட்டம் போடுவதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். திங்கட்கிழமை செங்கோட்டை, டெல்லி ரயில் அருங்காட்சியகம், இந்திய அருங்காட்சியகம், ஹைதராபாத் விலங்குக் காட்சிசாலை, எலிஃபண்டா எல்லாமே மூடல். பெங்களூரின் பன்னேர்கட்டா விலங்குக் காட்சிசாலைக்குச் செவ்வாய், பைகுல்லாவுக்குப் புதன், அலிப்பூருக்கு வியாழன், சாலார் ஜங்குக்கும் டெல்லி விலங்குக் காட்சிசாலைக்கும் தாஜ்மகாலுக்கும் வெள்ளி. திங்கட்கிழமையைப் பயணத்துக்கே வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அருங்காட்சியகத்துக்குள் போனதும் "போர் அடிக்கிறது" என்கிறார்களே?

எல்லாவற்றையும் காட்டப் பார்த்தால் அப்படித்தான் சொல்வார்கள். நாற்பது அறைகளில் மூன்றைப் பாருங்கள். வாசலிலேயே ஒரு வேலை கொடுங்கள்: யானை எத்தனை இடத்தில் இருக்கிறது, மீசை வைத்த சிலை எது, இங்கிருந்து ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றால் எதை எடுப்பாய்? கடைசிக் கேள்வி அப்பாக்களிடமும் நன்றாக வேலை செய்கிறது. மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனி அருங்காட்சியகம் 2019-இல் திறந்திருக்கிறார்கள்.

தாத்தா, பாட்டியும் வருகிறார்கள்.

பெங்களூரு அல்லது ஹைதராபாத். கோல்கொண்டா படிக்கு அவர்களை இழுக்காதீர்கள். மதியத்தில் அவர்கள் அறையில் சின்னவனைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் பெரியவளோடு தனியாக ஓரிடம் போய்வரலாம். அவர்களுக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

செலவை எங்கே குறைக்கலாம்?

தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்குள் நுழைவுக்கட்டணம் கிடையாது. செங்கோட்டை, குதுப்மினார், கோல்கொண்டா, சார்மினார் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். டெல்லி மெட்ரோவில் மூன்றடி உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். அரசு அருங்காட்சியகங்களும் அறிவியல் மையங்களும் மலிவு. பணத்தை விழுங்குவது பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான். பலவற்றில் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். வளர்த்தியான எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் கட்டணம் விழலாம். ஹைதராபாத்தில் ராமோஜி ஃபிலிம் சிட்டிக்குப் போவதென்றால் ஒரு முழு நாள் போய்விடும், ஊரிலிருந்து தொலைவும் அதிகம். சினிமாப் பைத்தியம் வீட்டில் யாருக்கும் இல்லையென்றால் அந்த நாளையும் பணத்தையும் மிச்சம் பிடியுங்கள்.

இந்தச் செலவுக்கு சிங்கப்பூரே போகலாமே?

"இந்தச் செலவுக்கு" முடியாது. விமானம், விசா, அறை மூன்றுமே பல மடங்கு. ஆனால் பணம் இருந்தால் குழந்தைகளோடு போக அதைவிட எளிதான பெருநகரம் குறைவு. சென்னையிலிருந்து நாலு மணி நேரச் சொச்சம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, ரயில் நிலையத்தில் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கூட்டி வாசிப்பார்கள். வெயிலும் மழையும் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி என்பதால் மே மாதத்திலும் போகலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம், பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கடவுச்சீட்டு வேண்டும். அதில் ஆறு மாதமாவது காலாவதி பாக்கி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால்?

கிளம்புவதற்கு முன்பே வீட்டில் சொல்லிப் பழக்க வேண்டிய விதி ஒன்று: மெட்ரோவில் கதவு மூடி நீ வண்டிக்குள் மாட்டிக்கொண்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நில். நீ பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால், அந்த இடத்தை விட்டு நகராதே. இரண்டிலும் தேடி வருவது பெரியவர்கள் வேலை. சட்டைப்பையில் இரண்டு கைபேசி எண்கள் எழுதிய சீட்டு, தினமும் காலையில் எடுத்த ஒரு புகைப்படம் (என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் ஞாபகம் வராது). உதவிக்கு 112, பிள்ளைகளுக்கென்றே 1098.

இந்தி தெரியாது. சமாளிக்கலாமா?

தாராளமாக. மெட்ரோவில் அறிவிப்பு ஆங்கிலத்திலும் உண்டு, டாக்சிக்குச் செயலி போதும்.

எப்போது டிக்கெட் போட வேண்டும்?

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு முடிந்தது. சென்னையிலிருந்து டிசம்பர் 24-ஆம் தேதி புறப்படும் வண்டி என்றால் அக்டோபர் 25-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். பள்ளி விடுமுறை அறிவிப்பு அதற்குள் வந்திருக்காது, ஒரு நாள் முன்பின் ஆகலாம். போட்டுவிடுங்கள், தேவைப்பட்டால் ரத்து செய்துகொள்ளலாம். திரும்பும் டிக்கெட் தனியாக, அந்தத் தேதிக்கு 60 நாள் முன்பு.